வரத்தும் போக்கும்

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குகைக்கோயில் விதானத்தில் தீட்டிய தாமரைக் குளம், இடையிடையே வண்ணம் உதிர்ந்ததேயன்றி, ஆயிரம் ஆண்டு கடந்தும் வற்றவில்லை. ஒரு நாட்டின் அந்நியச் செலாவணி இருப்போ, ஊருணி நீர் போன்றது. வரத்துக் குன்றிப் போக்கு மிகுந்தால் வற்றிவிடும்.

அண்டை நாடாகிய இலங்கையில் அவ்வாறே நேர்ந்தது. 2019-இல் நிகழ்ந்த குண்டுவெடிப்பும் 2020-இல் பரவிய பெருந்தொற்றும் சுற்றுலா வருவாயைக் குலைத்தன. வெளிநாட்டுக் கடன் தவணைகளோ குறையவில்லை. 2022 ஏப்ரல் 12-ஆம் நாள் அரசு அவற்றைச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. ஏறத்தாழ 200 ரூபாய்க்குக் கிடைத்த டாலர், சில வாரங்களில் 360 ரூபாயாயிற்று. இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறவே, மக்கள் வாங்குவதைக் குறைத்தனர். மண்ணெண்ணெய்க்கு நெடுநேரம் வரிசையில் காத்து நின்றனர். பின்னர்ச் சுற்றுலாவும், அயல்நாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணமும் பெருகின. 2023-இல் வெளிநாட்டு வரவு செலவைக் காட்டும் நடப்புக் கணக்கு மிகையாயிற்று. அம்மிகையில் ஒரு பகுதி, மக்கள் வாங்காது விட்ட பொருள்களின் விலையேயாம்.