தொட்டால் சுரீர்! ஏன் இந்த ஷாக்?

டாக்சியிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தப் போகிறோம். விரல் நுனியில் சுரீர் என்று ஓர் அடி. அலுவலகக் கதவின் கைப்பிடியைத் தொட்டால் மறுபடியும். ஊரில் இருந்தவரை இப்படி இல்லையே, நரம்புத் தளர்ச்சியோ, இரத்த அழுத்தமோ என்று நம்மில் சிலர் பயந்துபோகிறோம். இது நோயே இல்லை. நிலைமின்சாரம்.

இரு வேறு பொருட்கள் உரசிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலெக்ட்ரான்கள் போகின்றன. தலை வாரிய சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே காட்டிப் பள்ளியில் விளையாடினோமே, அதே சங்கதிதான். பாலியஸ்டர் சட்டை கார் சீட்டில் தேய்கிறது. செருப்பு கார்ப்பெட்டில் தேய்கிறது. உடம்பில் சேர்ந்த மின்னூட்டம் தரையிறங்க ரப்பர் அடி விடுவதில்லை. உலோகத்தின் அருகே விரல் போனதும் பாய்ந்துவிடுகிறது. சுமார் 3,000 வோல்ட் சேர்ந்தால்தான் நமக்கு உறைக்கவே செய்யும். ஆனால் பாய்வது கண்ணிமைப்பதைவிட மிகக் குறைந்த நேரம்தான் என்பதால் உடம்புக்குக் கெடுதல் இல்லை.

காற்றில் ஈரம் இருந்தால் மின்னூட்டம் சேராமல் கசிந்துவிடும். சத்வாவில் வெளியே சட்டை நனையப் புழுங்குகிறதே என்று கேட்கலாம். ஏ.சி. அறையில் அந்த ஈரம் இல்லை. நடைபாதையில் போகும்போது நம் தலையில் சொட்டுகிறதே ஏ.சி. தண்ணீர், அதுதான் அறைக்குள் இருந்த ஈரம்!

காரிலிருந்து இறங்கும்போது கதவின் உலோகச் சட்டத்தைப் பிடித்தபடியே இறங்குங்கள். மறந்துவிட்டால் சாவியை இறுகப் பிடித்து அதனால் முதலில் தொடுங்கள்; பொறி சாவியில் விழும், விரலில் வலி தெரியாது. பருத்தி உடையும், வறண்ட கைக்குக் கொஞ்சம் க்ரீமும் உதவும்.

பெட்ரோல் போடும் இடத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளக் கால் மில்லி ஜூல் ஆற்றல் போதும். விரலில் தெறிக்கும் பொறியில் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். நாமே பெட்ரோல் போடும்போது நடுவில் காருக்குள் ஏறி உட்காராதீர்கள். ஏறிவிட்டால், குழாயைத் தொடுமுன் தள்ளி நின்று கார் உலோகத்தைத் தொட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஒரே அடியில் நின்றுவிட்டால்தான் நிலைமின்சாரம். குளியலறைக் குழாயைத் தொட்டிருக்கும்வரை கை விறுவிறுவென்று இருந்தால் அது ஹீட்டரில் கரண்ட் கசிவு, உயிருக்கே ஆபத்து. பலர் சேர்ந்து தங்கும் பழைய வில்லாக்களில், "இங்கே எல்லாமே ஷாக் அடிக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். உடனே குழாயை விட்டு விலகி, மெயின் சுவிட்சை அணைத்து, நாத்தூரிடம் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்தக் குளியலறையில் யாரும் குளிக்க வேண்டாம்.