சுண்ணாம்பு உலருமுன் தீட்டிய ஓவியம்

பொம்மையார்பாளையத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் கிழக்குச் சுவரில், மழைக்காலம் கழிந்து வெயில் ஏறியதும் ஆண்டுதோறும் உப்புப் பூக்கும். வெள்ளைப் பொடியாய்ப் படரும் அதனைத் தொட்டால் உதிரும். பூசிய வண்ணமும் அதனோடு செதிலாய்க் கழன்று விழும். வடக்கே மரக்காணத்து உப்பளங்களில் நிகழ்வதே இங்கும் நிகழ்கிறது. வெயில் நீரை ஈர்த்துக்கொள்ள, உப்பு பின்தங்கிப் படிகமாகிறது. பாத்தியில் அது விளைச்சல். சுவருக்குள் அது அழிவு. ஐந்தாண்டுகூட நிலையாத என் வீட்டு வண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம், சித்தன்னவாசல் விதானத்துத் தாமரைத் தடாகம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் எவ்வாறு நின்றது என்னும் வினா எழும். அதற்கு நான் கற்றறிந்த விடையை நம் இல்லத்துப் பெற்றோர்க்கும் பிள்ளைகட்கும் ஒரு பாடமாக எழுத முற்படுகிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில் உள்ள அறிவர் கோயில் ஒரு குடைவரை. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது கி.பி. 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் அதனைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. விதானத்தில் இருப்பது சமவசரணத்தின் ஒரு பகுதியாகிய நீர்நிலை. மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும் தாமரைகளுக்கிடையே திரிய, பவ்யர்கள் மலர் கொய்கின்றனர். இதனைக் கண்டு வியந்து திரும்புவோர் பலர். அந்த வண்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்போர் சிலரே.

அடியில் இருப்பது சுண்ணாம்பு.

என் இளமையில் இக்கரையோரம் பெண்கள் கூடை கூடையாகக் கிளிஞ்சல் பொறுக்கி வருவர். அதனை நன்னீரில் பலமுறை அலசிய பின்னரே சூளையில் இடுவர். அலசாவிடில் கடலுப்பு காரையோடு சேர்ந்து சுவருக்குள் புகுந்துவிடும். கடல் மணலைக் காரையில் சேர்க்கலாகாது என்பதும் இதனாலேயே. சூளையில் வெந்த கிளிஞ்சல் தன்னுள் இருந்த கரியமில வாயுவை இழக்கிறது. வெந்ததன் மேல் நீர் தெளித்தால் கொதித்துப் பொரிந்து வெண்பொடியாகிறது. இதனையே நீற்றுதல் என்கிறோம். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு கலந்து வெண்ணெய் போல அரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மீண்டும் உட்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாக மாறுகிறது. சூளையில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறுகிறது என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் இதனை மறந்ததில்லை.

ஓவியனின் நுட்பம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே, நீரில் மட்டும் குழைத்த வண்ணத்தை அவன் தீட்டுகிறான். உலரும்போது சுண்ணாம்பு கலந்த நீர் மேற்பரப்புக்கு வந்து, காற்றுப்பட்டு, கண்ணாடி போன்ற மெல்லிய படலமாக இறுகுகிறது. வண்ணத்துகள்கள் அதற்குள் சிறைப்படுகின்றன. அங்கு வண்ணம் சுவரின் மேல் இல்லை, சுவராகவே ஆகிவிட்டது. ஒரு நாளில் எவ்வளவு தீட்ட இயலுமோ அவ்வளவுக்கே பூச வேண்டும். உலர்ந்த பின் திருத்தம் செய்ய வழியில்லை. ரோமாபுரியில் மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் ஆலய விதானத்தைத் தீட்டியதும் இம்முறையிலேயே. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களை 1930களில் ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியியலறிஞர் எஸ். பரமசிவன், அவை ஈரப் பூச்சில் தீட்டப்பட்டவை என்று கண்டார். உலர்ந்த பூச்சின் மேல் சுண்ணாம்பு நீரையோ பிசினையோ சேர்த்துத் தீட்டுவது மற்றொரு முறை. சித்தன்னவாசல் இவ்விரண்டில் எவ்வகை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டிலும் அடித்தளம் சுண்ணாம்பே. அஜந்தாவிலோ மண்ணும் உமியும் குழைத்த பூச்சே பெரிதும் அடித்தளம். மேலே சுண்ணாம்பு மெல்லிய வெள்ளையாக மட்டுமே வரும்.

சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் வண்ணங்கள் குறைவு. செங்காவி, மஞ்சட்காவி, பச்சைமண், கரி, வெண்மைக்குச் சுண்ணாம்பு என நிலத்திலும் அடுப்படியிலும் கிடைப்பவையே பெரும்பாலும் உதவும். இலை, பூச் சாறுகள் வெளிறிவிடும். நம் தென்னார்க்காட்டு வயல்களில் விளைந்த அவுரி நீலம்கூட ஈரச் சுண்ணாம்புக்கு ஏற்றதன்று.

இனி, நம்மவர் அவசியம் எண்ண வேண்டிய ஒன்று. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், எருமைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையையும், கன்றின் காதுமயிரால் செய்த தூரிகையையும் கூறுகிறது. அணில் வால் மயிரால் நுண்தூரிகை கட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஈரச் சுண்ணாம்பு முறைக்கோ தோற்பசை வேண்டியதில்லை. சுண்ணாம்பே பசை. என் உள்ளத்துக்கு இம்முறை மிக நெருக்கமானதற்கு இதுவே காரணம். ஆயினும் ஒருமுறை என் மாணவி ஒருத்தி, "டீச்சர், கிளிஞ்சலும் ஓர் உயிரின் வீடுதானே?" என்று கேட்டாள். வெறுங்கூடுகளை மட்டும் பொறுக்குகிறார்கள் என்று அப்போது விடை சொன்னேன். அது முழு உண்மையன்று. சேற்றை வாரும்போது உயிருள்ளவையும் வரும். கற்சுண்ணாம்பும் இதே பணியைச் செய்யும் என்பதே அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை. தூரிகைக்கும் தாவர வழி உண்டு. இக்கரையில் வளரும் தாழையின் விழுதை நுனியில் நசுக்கினால் நார் பிரிந்து நல்ல மட்டையாகும். கருப்பூர்க் கலம்காரிக் கலைஞர் துணி சுற்றிய மூங்கில் எழுதுகோலால் வரைகின்றனர். பிள்ளைகளுக்குத் தூரிகை வாங்கும் பெற்றோர், அது எதன் மயிர் என்று கடைக்காரரிடம் கேட்டே வாங்குக. கீரி மயிர்த் தூரிகை விற்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நைலான் தூரிகை எங்கும் கிடைக்கிறது.

இவ்வளவும் எழுதத் தூண்டியது ஒரு வருத்தம். சிறுமியாய் இருந்தபோது நான் வணங்கிய ஒரு சிற்றூர் ஜினாலயத்தின் மண்டப விதானத்தில் நேமிநாதர் வரலாறு தீட்டப்பட்டிருந்தது. திருமண ஊர்வலமும், பட்டியில் அடைபட்ட விலங்குகளும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. திருப்பணி என்ற பெயரில் அதன் மேல் சிமெண்டு பூசி எனாமல் வண்ணம் அடித்தார்கள். செய்தவர்கள் பக்தி மிக்கவர்களே. நானும் அத்திருப்பணிக்கு நன்கொடை அளித்தேன்; என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. எனாமல் சுவரின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. உள்ளே சென்ற மழைநீர் வெளியேற வழியின்றித் தேங்கி, சிமெண்டிலுள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு, பழைய பூச்சுக்குள் உப்பாகப் பூக்கிறது. சில ஆண்டுகளில் புதிய வண்ணம் உரிந்தது. அதனோடு பழைய ஓவியமும் உரிந்து விழுந்தது.

வெறும் வெள்ளை அடித்த இடங்களில் நம்பிக்கைக்கு இடமுண்டு. தஞ்சையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார், பின்னர்த் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சிதையாமல் பிரித்தெடுத்தனர். ஆகவே வெள்ளையடித்த மண்டபத்தில் நிறம் தெரிந்தால் சுரண்டவோ நீரூற்றித் தேய்க்கவோ வேண்டா. தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். ஓவியம் வெளிப்படையாக உள்ள ஊர்களில் அதனை இன்றே படமெடுத்து வையுங்கள். திருப்பருத்திக்குன்றத்தில் விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் எடுப்பித்த சங்கீத மண்டபத்தின் விதான ஓவியங்களை, அவற்றின் கீழ் எழுதப்பட்ட தமிழ் விளக்கங்களோடு டி. என். இராமச்சந்திரன் 1934இல் நூலாக்கினார். பின்னர் மங்கிப்போன காட்சிகளையும் அந்நூலைக் கொண்டு நாம் அறிய முடிகிறது.

பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை. இரண்டு நாட்டு ஓடுகளை நீரில் ஊறவையுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்துக் கழுவிய ஆற்றுமணல் இரண்டு பங்கு சேர்த்து, பெரியவர் உடனிருக்க, கண்ணில் படாமல் குழைத்து இரண்டிலும் பூசுங்கள். ஓர் ஓட்டில் ஈரம் இருக்கும்போதே, நீரில் குழைத்த காவியால் ஒரு தாமரை வரையுங்கள். மற்றதை ஒரு வாரம் உலரவிட்டு, அதே காவியால் அதே தாமரையை வரையுங்கள். இரண்டையும் நிழலில் ஒரு மாதம் வைத்து, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். வரைந்த தேதியை ஓட்டின் பின்புறம் குறித்து வைக்க மறவாதீர்கள்.