சீனப் பேரரசரும் 'வுட் யூ மைண்ட்'டும்

கேள்வி: திருப்பதியில் பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், ஆங்கில வாசிப்புப் பயிற்சியில் பழைய சீன வரலாறு வந்தாலே திணறுகிறாள். பணிவாகக் கேட்கும் வாக்கியங்களிலும் தடுமாற்றம். வீட்டில் எப்படிப் பழக்குவது?
– வாசகி, சித்தூர்

பதில்: அம்மா, சீனப் பகுதியில் பிள்ளைகளை மிரட்டுவது பெயர்களும் ஆண்டுகளும்தான். கதையை முதலில் தமிழில் சொல்லிவிடுங்கள். கி.மு. 221இல் பேரரசர் சின் ஷி ஹுவாங் சீனாவை ஒன்றாக்கி, எழுத்து, எடை, வண்டி அச்சின் அகலம் வரை ஒரே சீராக்கினார். கி.மு. 206இல் அவருடைய சின் வம்சமே முடிந்துபோனது. கி.மு.வில் எண் குறையக் குறையக் காலம் முன்னே நகரும். பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். உங்களுக்குப் பக்கத்திலுள்ள காஞ்சிபுரத்துக்கு 7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் வந்ததையும் சொல்லுங்கள், ஆர்வம் தானாக வரும். அதன்பின் ஆங்கிலப் பகுதியை வாய்விட்டு இரண்டு முறை படிக்கட்டும்.

பணிவுக்கு வருவோம். தமிழில் 'தாங்க', தெலுங்கில் 'இவ்வண்டி' என்று விகுதியிலேயே மரியாதை வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'கிவ் மீ'யோடு 'ப்ளீஸ்' சேர்த்தாலும் கட்டளை வாடை முழுக்கப் போகாது. கேள்வியாக்க வேண்டும்: 'குட் யூ கிவ் மீ தி மேப், ப்ளீஸ்?' 'வுட் யூ மைண்ட்' வந்தால் அடுத்த வினை 'இங்'கில் முடியும்: 'வுட் யூ மைண்ட் ஓப்பனிங் தி டோர்?' இதற்கு 'நோ, நாட் அட் ஆல்' என்றால் சம்மதம் என்று பொருள். சாப்பிடும்போது தண்ணீர், ஊறுகாய் எல்லாவற்றையும் ஒரு வாரம் இப்படியே கேட்கச் சொல்லுங்கள். நீங்களும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லுங்கள்.