கதவைத் திறந்ததும் பாயும் போவா

கூண்டுக் கதவைத் திறந்த நொடியில் வாயைத் திறந்துகொண்டு பாயும் போவாவை, மூர்க்கமான பாம்பு என்று வளர்ப்பவர்கள் சீக்கிரமே முடிவுகட்டிவிடுகிறார்கள். பயந்துபோய்க் கையில் எடுப்பதையே நிறுத்துகிறார்கள். பிரச்சினை முற்றுவது அங்கேதான்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ‘கொலம்பிய போவா’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் போவா இம்பரேட்டர் என்ற இனம். ஓரிடத்தில் அசையாமல் கிடந்து, எட்டும் தூரத்துக்கு வரும் இரையைக் கவ்வுவதே அதன் பிழைப்பு. வாய்ப்பு எப்போதாவதுதான் வரும் என்பதால், வாசனை, வெப்பம், அசைவு மூன்றும் சேர்ந்தால் அது யோசித்துக்கொண்டிருப்பதில்லை. நாக்கு எடுத்துவரும் வாசனை ஜேகப்சன் உறுப்பை (மேலண்ணத்தில் உள்ள மோப்ப உறுப்பு) அடைகிறது. மலைப்பாம்புக்கு இருப்பதுபோல் உதட்டில் வெப்பக்குழிகள் இல்லாவிட்டாலும், உதட்டைச் சுற்றியுள்ள செதில்களே சூட்டை உணர்ந்துவிடும். எலியைத் தொட்ட உங்கள் கை வெதுவெதுப்பாக உள்ளே நுழையும்போது இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. போதாக்குறைக்கு, உணவு கொடுக்க மட்டுமே கதவைத் திறக்கும் வீட்டில் கதவுச் சத்தமே அதற்குச் சாப்பாட்டு மணி.

இரை வேட்கையையும் தற்காப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பயந்த போவா உரக்கச் சீறும். உடலைப் பின்னுக்கு இழுக்கும். கடித்தாலும் பெரும்பாலும் உடனே விட்டுவிடும். இரையை எதிர்பார்ப்பது சத்தமே போடாது. கழுத்து ‘எஸ்’ வடிவில் மடியும். நாக்கு வேகவேகமாக வெளியே வரும். உங்கள் கை போகும் பக்கமெல்லாம் தலையும் திரும்பும். கடித்தால் விடாமல் சுற்றிக்கொள்ளும். முன்னதற்குப் பொறுமையும் பதுங்கிடமும் தேவை. பின்னதற்குத் தெளிவான சமிக்ஞை தேவை.

அந்தச் சமிக்ஞைக்கு ஹுக் (நுனி வளைந்த பாம்புக் கம்பி) போதும். கையை நுழைக்கும் முன் அதன் மழுங்கிய வளைவால் உடலின் நடுப்பகுதியை மெல்ல வருடுங்கள். தலை இன்னும் உங்களை நோக்கியே நின்றால், முகவாயை மெதுவாக ஒதுக்கிவிடுங்கள். நாக்கின் வேகம் தணிந்து, ‘எஸ்’ மடிப்பு அவிழ்ந்த பிறகு, மேலிருந்து அல்லாமல் பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய் நடு உடலைத் தாங்கி எடுங்கள். எடுப்பதா வேண்டாமா என்று பாதியில் தயங்கும் கைதான் அதிகம் கடிபடுகிறது. உணவு நாளில் ஹுக் உள்ளே போகவே கூடாது. அன்றைக்கு வேறொரு அடையாளம் வையுங்கள்: குச்சி முனையில் மாட்டிய வண்ணப் பந்தைக் காட்டிவிட்டு, உறையவைத்து இளக்கிய எலியை நீண்ட இடுக்கியில் நீட்டலாம். விலங்குக் காட்சிசாலைகளிலும் இப்படிப் பழக்குகிறார்கள். ஹுக் என்றால் கை, பந்து என்றால் இரை. இதைப் பாம்பு படித்துக்கொள்ளச் சில மாதங்கள் ஆகலாம். வீட்டில் எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றாவிட்டால் படிக்கவே படிக்காது.

எலியை வேறு அறையில் இளக்குங்கள். உணவு நாளைச் சற்று முன்பின்னாக மாற்றுங்கள். நாய், பூனை, முயல் எதைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டே கூண்டைத் திறங்கள். சால்மோனெல்லா கிருமி தொற்றாமலிருக்க, பாம்பை வைத்த பிறகும் கழுவுங்கள். இரை கொடுத்த பின் குறைந்தது இரண்டு நாள், வயிற்று மேடு தெரிந்தால் அது அடங்கும்வரை, தொடவேண்டாம்.

‘தனிப்பெட்டிக்கு மாற்றி உணவளித்தால் சாதுவாகிவிடும்’ என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. வேட்கை உச்சத்தில் இருக்கும் பாம்பைத் திரும்பத் தூக்குவதில்தான் கடி நிகழும்; விழுங்கியதைக் கக்கிவிடும் அபாயமும் உண்டு. பாய்ந்தால் தலையில் தட்டுவது தற்காப்பையும் சேர்த்துக் கற்றுத்தரும். வயிறு நிறைய நிறையக் கொடுத்து அடக்க நினைப்பவர்கள் கொழுத்த, நோயுற்ற போவாவைத்தான் பெறுகிறார்கள். வளர்ந்த பாம்புக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பின், போவா போன்ற அயல் இனங்களைப் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும். போவாவின் உறவான நம்மூர் மண்ணுளியைப் பிடித்து வளர்ப்பதோ குற்றம்.

இரண்டு மீட்டரைத் தாண்டிய போவாவைத் தனியாக எடுக்காதீர்கள். கழுத்தில் மாலையாகப் போடவே போடாதீர்கள். கடித்துவிட்டால் நஞ்சு இல்லை என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை. வெடுக்கென்று இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் வாயும் புண்ணாகும். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், செத்த எலிக்குள் செயற்கை இதயத்தைத் துடிக்கவிட்டுப் பார்த்தார்கள். துடிப்பு இருந்தவரை போவாக்கள் கூடுதல் நேரம், கூடுதல் அழுத்தத்துடன் இறுக்கின. ஆகவே திமிறாமல், கையை அசையாது வைத்திருங்கள். பெரும்பாலும் தானே விட்டுவிடும். விடாவிட்டால் முகத்தில் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். உடன் இருப்பவர் வால் முனையிலிருந்து சுற்றைப் பிரிக்கட்டும். பிறகு காயத்தை ஓடும் நீரில் சோப்பால் நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒடிந்த பல் தோலுக்குள் தங்கியிருக்கலாம். சில நாளில் அந்த இடம் சிவந்து வீங்கினால், கடித்தது போவா என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.