நிறம் மாறிய படம்: பழுது எங்கே?

மாணவர்களே, தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த கதையை உங்கள் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். 1946இல் தொடங்கிய மலாயா திரைப்படப் பிரிவின் படங்களும் நடமாடும் வண்டிகளில் ஊர் ஊராகப் போனவைதான். இன்று அந்த வேலையைச் சிறிய புரொஜெக்டர் செய்கிறது.

ரந்தாவ் பக்கத்துத் தோட்ட மண்டபம் ஒன்றில் டியூஷன் நடப்பதாக வைத்துக்கொள்வோம். படம் முழுவதும் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. "எல்.சி.டி. கெட்டுப்போச்சு, புதுசு வாங்கணும்" என்கிறார் ஒருவர். மண்டபத்தில் இருப்பது அந்த ஒன்றுதான். வாங்கப் பணமும் இல்லை. சற்றுப் பொறுங்கள். பழுது எங்கே என்பதை அந்த நிறமே காட்டிக்கொடுக்கும்.

ஒளியின் முதன்மை நிறங்கள் சிவப்பு, பச்சை, நீலம். மூன்றும் தகுந்த அளவில் சேர்ந்தால் வெள்ளை. ஒன்று விடுபட்டால், வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் இப்படி மாறும்:

• சிவப்பு இல்லையென்றால்: சியான் (பச்சை கலந்த நீலம்)
• பச்சை இல்லையென்றால்: மெஜந்தா (ஊதா கலந்த இளஞ்சிவப்பு)
• நீலம் இல்லையென்றால்: மஞ்சள்

ஆக, நம் மண்டபத்தில் காணாமல் போனது பச்சை. அது எங்கே தொலைந்தது? வரிசையாகத் தேடுவோம்.

1. படம் விழும் இடத்தில் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாளில் நிறம் சரியாக இருந்தால் குற்றம் சுவர்ச் சாயத்தின் மீது. வெள்ளைத் துணி கட்டினால் போதும்.

2. தாளிலும் நிறம் மாறியிருந்தால், புரொஜெக்டரின் 'மெனு' பொத்தானை அழுத்துங்கள். மெனுவைப் புரொஜெக்டரே உருவாக்குகிறது. அது வயர் வழியாக வருவதில்லை. மெனுவின் நிறம் சரியென்றால் பழுது வயரிலோ கணினியிலோதான்.

3. விஜிஏ வயரில் 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. 1ஆம் ஊசி சிவப்பையும், 2ஆம் ஊசி பச்சையையும், 3ஆம் ஊசி நீலத்தையும் கொண்டு வருகின்றன. 2ஆம் ஊசி வளைந்தாலோ சரியாகத் தொடாவிட்டாலோ பச்சை வராது. முனையைக் கழற்றிப் பார்த்து, நேராகச் செருகித் திருகுங்கள். 9ஆம் ஊசி இல்லாத வயர்களும் உண்டு, அது பழுதன்று. பிறகு வேறு வயர், வேறு கணினி என ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

4. மெனுவும் நிறம் மாறியிருந்தால், நிற அமைப்பைத் தொடக்க நிலைக்குக் கொண்டு வாருங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் பழுது உள்ளே. அதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள்.

நிறம் சரியாக இருந்தும் படம் வெளிறினால் சன்னலை மூடுங்கள். புரொஜெக்டரால் கறுப்பு ஒளியை வீச முடியாது. ஒளி விழாத இடமே கறுப்பு. பகல் வெளிச்சம் அங்கே விழுந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும்.

எச்சரிக்கை: எரியும் புரொஜெக்டரின் லென்ஸுக்குள் பார்க்காதீர்கள். பெட்டியைத் திறக்காதீர்கள், பல புரொஜெக்டர்களின் விளக்கில் பாதரசம் உண்டு.

சிந்தித்து விடை எழுதுக: 3ஆம் ஊசி மட்டும் தொடாவிட்டால், மலேசியக் கொடியின் வெள்ளைக் கோடுகள் திரையில் எந்த நிறத்தில் தெரியும்? நீலப் பகுதி எப்படித் தெரியும்?