மூச்சை நீங்களே அளந்துவிடுங்கள்

மும்பை பரேல் டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில் நுரையீரல் புற்றுநோய்க்கான சிகிச்சை முடிந்துவிட்டது. வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். நல்லது. ஆனால் நீங்கள் லீவில் இருந்த மாதங்களில் உங்கள் சீட்டில் உட்கார்ந்தவர் வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டார். ‘இவரால் இனி முடியுமா?’ என்ற கேள்வியும் மேனேஜர் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் உங்களை அளப்பதற்கு முன் நீங்களே அளந்துகொண்டு போங்கள்.

1. ஒரு நோட்டு போடுங்கள். மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் எத்தனை படி ஏறியதும் நிற்க வேண்டியிருக்கிறது? ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்? வாரம் ஒருமுறை எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் தந்த மூன்று பந்து ஸ்பைரோமீட்டரைப் பரணில் போடாதீர்கள். மூச்சு வாங்கினால் மூக்கால் இழுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். நடையைக் கூட்டுவது பிசியோதெரபிஸ்ட் சொன்ன கணக்கில் இருக்கட்டும்.

2. ரிவ்யூ தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். பொதுவாக முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒரு சிடி ஸ்கேன், பிறகு ஆண்டுக்கு ஒன்று. உங்களுக்கான கணக்கை உங்கள் டாக்டர் சொல்வார். தேதி தெரிந்த அன்றே லீவுக்கு மெயில் போடுங்கள். இருமலில் ரத்தம், திடீர் மூச்சுத்திணறல், விடாத எலும்பு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, புதிதாக வரும் தலைவலி: இவற்றுக்கு ரிவ்யூ தேதிவரை காத்திருக்க வேண்டாம். சிகிச்சைக்குப் பிறகும் தினமும் புற்றுநோய் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஷிஃப்ட் மாறலாம், மாத்திரை நேரம் மாறக் கூடாது. தோலில் சொறியோ வயிற்றுப்போக்கோ வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள்.

3. எச்ஆரிடம் நோயின் கதை வேண்டாம். மூன்று விஷயம் போதும்: எந்தத் தேதியிலிருந்து வருவேன், எந்த வேலை இப்போதைக்கு முடியாது, எந்தத் தேதிகளில் ரிவ்யூ. கூடவே ஃபிட்னஸ் சர்டிஃபிகேட். குறைந்த நேர வேலை கேட்டால், எதுவரை என்று தேதியோடு கேளுங்கள். தேதி இல்லாத சலுகை நாளைக்கு உங்கள் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். புது இன்டர்வியூவா? ‘மெடிக்கல் பிரேக் எடுத்தேன், இப்போது ஃபிட்’ என்று சொல்லி, அந்த இடைவெளியில் கற்ற டேலியையோ எக்ஸலையோ பேசுங்கள். மெடிக்கல் ஃபார்மில் கேட்டால் மட்டும் மறைக்காதீர்கள். பின்னால் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் மாட்டிக்கொள்ளும்.

4. வேலை செய்யும் இடத்தின் காற்றைப் பாருங்கள். தாராவியில் தோல் பட்டறை, பிளாஸ்டிக் ரீசைக்கிளிங், கும்பார்வாடாவின் சூளைப் புகை. செம்பூர்ப் பக்கம் மாகுல் ரிஃபைனரிகள். தூசியும் பசை நெடியும் உள்ள இடத்திலிருந்து பில்லிங், ஸ்டோர் பக்கம் மாற்றம் கேளுங்கள். அங்கே கணக்கு தெரிந்தவருக்குத்தான் இடம்; அதைக் கற்றுக்கொண்டு கேளுங்கள்.

5. கட்டிங் சாய் இருக்கட்டும், சிகரெட் போகட்டும். ஆபீஸ் செய்தியெல்லாம் டீக்கடையில்தான் கிடைக்கும் என்பது உண்மை. டீயைக் கையில் எடுத்துக்கொண்டு புகை வராத பக்கம் நில்லுங்கள். பீடி, பல்லில் தேய்க்கும் மிஷ்ரிப் புகையிலை, குட்கா எதுவும் வேண்டாம். விடுவதற்குத் துணை வேண்டுமென்றால் தேசிய இலவச எண் 1800-11-2356. 2008 அக்டோபர் 2 முதல் பணியிடங்களில் புகைக்கத் தடை இருக்கிறது. ‘உள்ளே பிடிக்காதீர்கள்’ என்று சொல்ல யாரிடமும் தயங்க வேண்டாம்.

6. கூட்டத்தில் நசுங்காதீர்கள். மும்பை லோக்கலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம். ஆஸ்பத்திரிச் சான்றிதழைப் பர்ஸிலேயே வைத்திருங்கள். ஆபீஸ் நேரத்தை ஒரு மணி முன்னே பின்னே மாற்றக் கேட்பதும் நல்லது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி எப்போது என்று டாக்டரைக் கேளுங்கள். மதிய டப்பாவில் முட்டை, பருப்பு, சுண்டல் என்று ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும்.

7. உரிமைப் பணத்தை விடாதீர்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் உண்டென்றால், நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம். புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்க்கு, தகுதி இருந்தால், 80 சதவீதமாக 2 ஆண்டுவரை நீளும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் சிகிச்சைச் செலவுக்கு 40,000 ரூபாய்வரை கழிவு கேட்கலாம். 60 வயதானவர்களுக்கு 1 லட்சம்வரை.

மூன்று மாதம் கழித்து அப்ரைசலில் ‘ஃபீல்டுக்கு யார் போகிறீர்கள்?’ என்று கேட்பார்கள். பக்கத்து சீட்டுக்காரர் உடனே கை தூக்குவார். நீங்கள் முந்தைய இரவே நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். பாலத்தில் நிற்காமல் ஏறி நான்கு வாரம் ஆகியிருந்தால் நீங்களும் தூக்குங்கள். இல்லையென்றால் ‘அடுத்த குவார்ட்டரில் எடுத்துக்கொள்கிறேன்’ என்று நீங்களே தேதி சொல்லிவிடுங்கள்.