தைப்பூசம் முடிந்த பிறகு



இந்த மாத வகுப்பில் நல்ல பழக்கத்தைத் தொடங்குவது பற்றியும், தொடங்கியதை விடாமல் பிடித்துக்கொள்வது பற்றியும் பேசப் போகிறோம். இதைச் சொல்ல எனக்குப் பெரிய தகுதி எதுவும் இல்லை. நானே இரண்டு தடவை தோற்றவன்.

இந்த ஆண்டு தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்தேன். காலை ஐந்து மணிக்குக் குளியல், சைவச் சாப்பாடு, தரையில் பாய். பால்குடம் எடுத்துப் பத்துமலையின் 272 படிகளையும் ஏறினேன். மறுநாளே கிள்ளானில் ஒரு மாமாக் கடையில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். அதற்கடுத்த நாளும் அதேதான். ஏப்ரலில் ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹெச்பிஏ1சி 6.0 என்று வந்தது. நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியின்படி 5.7 முதல் 6.2 வரை இனிப்புநீருக்கு முந்தைய நிலை. 6.3 வந்தால் இனிப்புநீர்தான். எனக்கு வயது 27.

அப்பாவுக்கு இடது கால் பெருவிரல் இல்லை. அம்மா தினமும் சாயங்காலம் அந்தக் காலுக்கு மருந்து வைத்துக் கட்டுவார். அதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன், ஆனாலும் ரொட்டி சானாயை விடவில்லை. நம் வீடு மட்டும் இப்படி இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு.

சரி, நடந்தால் குறையுமா? சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, என்னைப்போல் எல்லையில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டது. தினமும் அரைமணி நேர வேக நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களுக்கு, நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அவர்களும் நம்மைப்போலச் சோறும் இட்லியும் சாப்பிடுகிறவர்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஏப்ரலிலேயே தொடங்கினேன். ஒன்பது நாள். வேலை பிரிக்பீல்ட்ஸில், வீடு கிள்ளானில். கொமுட்டர் ரயிலில் வீடு சேரும்போது ஏழரை ஆகிவிடும். "இன்னிக்கு ஒரு நாள் விடு" என்று சோபா கூப்பிடும். மே மாதம் மறுபடி தொடங்கினேன். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தேன். பிறகு நான்கு நாள் தொடர்ந்து சாயங்கால இடிமழை. ஐந்தாவது நாள் மழையே இல்லை, ஆனாலும் போகவில்லை.

48 நாள் விரதம் இருந்தவனுக்கு அரைமணி நேரம் நடக்க முடியவில்லை என்றால், மன உறுதி எங்கே போனது? ரொம்ப நாள் இதை யோசித்தேன். விரதத்தின்போதும் எனக்கு அப்படியொன்றும் பெரிய மன உறுதி இருந்ததில்லை என்பதுதான் உண்மை. எப்போது குளிப்பது, என்ன சாப்பிடுவது என்பதையெல்லாம் முன்னோர்களே முடிவு செய்து வைத்திருந்தார்கள். கழுத்தில் மாலை இருந்ததால் ஆபீசில் யாரும் கேக் நீட்டவில்லை. வீட்டில் அம்மாவும் சேர்ந்து சைவம் சமைத்தார். நடைக்கு இதில் ஒன்றுமே கிடையாது. "நாளையிலிருந்து நடக்கணும்" என்ற ஆசை மட்டும்தான் இருந்தது.

கோவிலில் அர்ச்சகர் சங்கல்பம் சொல்லும்போது கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? முதலில் இடமும் காலமும் வரும்: எந்த நிலம், எந்த ஆண்டு, எந்தத் திதி. பிறகு நம் பெயர், நட்சத்திரம். என்ன வேண்டும் என்பது கடைசியில்தான். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதியதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. "செய்வேன்" என்று மட்டும் நினைப்பவர்களைவிட, "இந்த நேரம், இந்த இடம் வந்தால் இதைச் செய்வேன்" என்று முடிவு செய்பவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள்.

ஜூன் மாதம் ஒரு தாளில் இப்படி எழுதினேன்: "வேலை முடிந்து ஆபீஸ் கதவைத் தாண்டியதும், ரயிலுக்குப் போகாமல் ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் 30 நிமிடம் நடப்பேன். மழை பெய்தால் குடையோடு போய் நூ சென்ட்ரலுக்குள் மாடி மாடியாகச் சுற்றுவேன். தே வாங்கித் தந்தால், கோசோங் என்பேன்." மழையையும் சேர்த்து எழுதியதுதான் எனக்கு உதவியது. தடை வரும் என்று தெரிந்துதானே எதைத் தொடங்கினாலும் பிள்ளையாரை முதலில் கும்பிடுகிறோம்?

தே விஷயம்தான் கஷ்டமாக இருந்தது. ஆபீசில் ஒரு அக்கா தினமும் அன்பாக வாங்கி வருவார். வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். கடைசியில் பரிசோதனைத் தாளையே காட்டினேன். அன்றிலிருந்து எனக்கு முன்னால் அவரே கடையில் "தே ஓ கோசோங்" என்று சொல்லிவிடுகிறார். (ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் மட்டும் உணவை மாற்றும் முன், முக்கியமாக விரதம் இருக்கும் முன், டாக்டரைக் கேளுங்கள். அரசு சுகாதார கிளினிக்கில் 1 ரிங்கிட்தான்.)

ஜூலையில் உறவினர் கல்யாணம். நான்கு நாள் நடை இல்லை. பழைய குரல் வந்தது: "அவ்வளவுதான், போச்சு." அன்றைக்கு அப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நானும் நடந்தேன்டா. உனக்கு அப்போ ஆறு வயசு இருக்கும். தீபாவளிக்கு ஒரு வாரம் விட்டேன். அப்புறம் வெட்கமா இருந்துச்சு, போகவே இல்ல."

அவர் நடந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கீதையின் ஆறாவது அத்தியாயத்தில் அர்ஜுனனும் இதைத்தான் கேட்கிறான். நம்பிக்கையோடு தொடங்கி, நடுவில் மனம் தவறியவன் கதி என்ன, சிதறிய மேகம்போல் அழிந்துவிடுவானா என்று. கண்ணன் அவனைத் திட்டவில்லை. நல்லது செய்யத் தொடங்கியவனுக்குக் கேடில்லை, விட்ட இடத்திலிருந்து அவன் தொடர்வான் என்கிறார். லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரிடம் செய்த ஆய்விலும் ஒரு நாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 நாள்கூட ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். 48 நாளில் முடியவில்லையே என்று நொந்துகொள்ளத் தேவையில்லை.

கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை மறுபடி நடந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. சென்ற வாரம் எடுத்த பரிசோதனையில் 5.8. இன்னும் எல்லையைத் தாண்டி வெளியே வரவில்லை.

அடுத்த வகுப்புக்கு வரும்போது ஆளுக்கு ஒரு சங்கல்பம் எழுதிக் கொண்டுவாருங்கள். நேரம், இடம், செயல், மழை வந்தால் என்ன, நாள் தவறினால் எந்த நாள் திரும்புவது, எல்லாம் அதில் இருக்கட்டும். நானும் என்னுடையதைக் கொண்டுவருகிறேன். தீபாவளி வாரத்துக்கான வரி மட்டும் அதில் இன்னும் காலியாக இருக்கிறது. அதை அப்பாவோடு உட்கார்ந்து எழுதலாம் என்றிருக்கிறேன்.